நாச்சோ ஏன் பெஞ்சில் இருந்தார், ஏன் போகவில்லை?

உங்கள் கேள்வி இது: ஸ்பெயினின் பின்கள ஆட்டக்காரர் நாச்சோ ஃபெர்னாண்டஸ் ரியல் மாட்ரிட் கிளப்பில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் ஆடும் பதினொருவரில் நிலையான இடம் பிடிக்காமல், மாற்று ஆட்களின் இருக்கையில் காத்திருக்கும் ‘பெஞ்ச் ஆட்டக்காரராக’வே இருந்தார். வலது ஓரம், இடது ஓரம், நடு என்று பின்களத்தில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அவரை அனுப்பினார்கள். வேறு அணிக்குப் போயிருந்தால் பெரிய பெயர் எடுத்திருப்பாரா, அல்லது அவருடைய தகுதியே அவ்வளவுதானா? கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: கல்லூரி அணியில் ஆடும் உங்கள் தம்பியைப் பயிற்சியாளர் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி இறக்குகிறார், அவன் மறுக்கலாமா? அந்தக் கடைசி வரிக்காகத்தான் முதல் பகுதியையே எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லா இடத்திலும் ஆடத் தெரிவது ஓர் ஆட்டக்காரனை வளர்க்குமா, முடக்குமா என்பதுதான் நீங்கள் கேட்பது.

சென்னை லீக்கில் கீழ்ப்பிரிவு அணிகளுக்கு ரைட் பேக்காக, அதாவது பின்களத்தின் வலது ஓரத்தில், ஆடியவன் நான். அதன்பின் பல ஆண்டுகளாகப் பதின்ம வயதுப் பையன்களுக்குப் பின்கள ஆட்டம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஐரோப்பிய அணி ஒன்றின் உடைமாற்றும் அறையை எட்டிப்பார்த்தவன் அல்ல. ஆகவே நாச்சோவின் ஆட்டங்களைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அவர் மனத்தில் என்ன இருந்தது, நிர்வாகத்தோடு என்ன பேசினார் என்பதற்குள் போகமாட்டேன்.

முதலில் உங்கள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லோடு சண்டை. ‘பெஞ்ச் ஆட்டக்காரர்’ என்கிறீர்கள். நாச்சோ ரியல் மாட்ரிட்டுக்காக ஆடியவை 364 ஆட்டங்கள். 2011 ஏப்ரலில் முதன்முதலாகக் களமிறங்கியதிலிருந்து 2024 கோடையில் விலகும்வரை கணக்கிட்டால், முதல் அணியில் முழுமையாக இருந்த ஆண்டுகளில் சராசரியாக ஒரு பருவத்துக்கு முப்பது ஆட்டங்களை ஒட்டி வருகிறது. இதில் கடைசிப் பத்து நிமிடங்களுக்கு மட்டும் இறங்கியவையும் அடக்கம்தான். இருந்தாலும், ஒரு பருவத்தில் ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடும் அணியில் முப்பது என்பது ஓரத்தில் கிடந்தவரின் எண் அல்ல. ஆட்டங்களின் எண்ணிக்கையில் அவருக்குக் குறை இல்லை. எந்த ஆட்டம், எந்த இடம் என்று தீர்மானிப்பது அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஆறு முறை வென்ற அணிகளில் அவர் இருந்தார்: 2014, 2016, 2017, 2018, 2022, 2024. அந்த ஆறு இறுதிப் போட்டிகளில் நான்கில் அவர் களத்தில் கால் வைக்கவே இல்லை. 2018-இல் மாற்று வீரராக இறங்கினார். 2024-இல் மட்டும்தான் தொடக்கத்திலிருந்தே ஆடினார், அதுவும் அணித்தலைவராக.

அவர் அல்கலா தெ எனாரெஸில் வளர்ந்தவர். 2001-இல், பதினோரு வயதில், ரியல் மாட்ரிட்டின் இளையோர் அமைப்புக்குள் வந்தார். பன்னிரண்டு வயதில் முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனி கால்பந்து கிடையாது என்று முதலில் பார்த்த மருத்துவர் சொன்னதையும், அடுத்துப் பார்த்தவர் அதற்கு நேர்மாறாக விளையாட்டை விடவே கூடாது என்று சொன்னதையும் அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இந்தச் செய்தியை எல்லாரும் மனவுறுதிக் கதையாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் தொழில் சார்ந்த ஒரு கேள்வி எழுகிறது. ஓடினால் இரத்தச் சர்க்கரை இறங்கும். போட்டிப் பதற்றத்தில் அது ஏறவும் செய்யும். தொடக்கத்திலிருந்து ஆடுபவருக்குக் குறைந்தபட்சம் நேரம் தெரியும், அதற்கேற்ப இன்சுலினையும் சாப்பாட்டையும் கணக்கிடலாம். மாற்று வீரருக்கு எதுவும் தெரியாது. பத்தாவது நிமிடத்தில் கூப்பிடலாம், கடைசிவரை கூப்பிடாமலும் இருக்கலாம். நான் மருத்துவன் அல்ல, அவர் எப்படிச் சமாளித்தார் என்ற விவரத்துக்குள் போகவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஓய்வு என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பொதுவாகவே பெஞ்ச் வாழ்க்கை வெளியிலிருந்து தெரிவதைவிடக் கடினமானது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் திங்கட்கிழமை தொண்ணூறு நிமிடம் ஆடியவர்கள் லேசாக ஓடிவிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வார்கள். ஆடாதவர்களுக்கு அன்று கடும் பயிற்சி. ஆட்டத்தில் கிடைக்காத ஓட்டத்தை அன்றைக்கு ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஆட்டத்தில் மட்டுமே கிடைப்பது ஒன்று உண்டு: எதிராளி பொய் சொல்கிறானா, உண்மையாகவே திரும்பப்போகிறானா என்பதை அரை நொடியில் படிக்கும் கண். மூன்று வாரம் ஆடாமல் இருந்த பையனைப் பாதியில் இறக்கினால் அவனுடைய முதல் இரண்டு மூன்று முடிவுகள் தாமதமாக வரும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கால் சரியாகவே இருக்கும், கண்தான் பின்தங்கியிருக்கும். நாச்சோவிடம் எனக்கு வியப்பு இங்கேதான். அவர் எத்தனை இடத்தில் ஆடினார் என்பதைவிட, எவ்வளவு குளிர்ந்த நிலையிலிருந்து எழுந்துவந்து நேராக ஆட்டத்துக்குள் புகுந்தார் என்பதுதான் அவருடைய அபூர்வத் திறமை.

2015 நவம்பர் 3, பாரிஸ் சான் ஜெர்மேனுக்கு எதிரான ஆட்டம். வழக்கமாக இடது ஓரத்தில் ஆடும் மார்செலோ காயத்தால் வெளியேற, முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் லெஃப்ட் பேக்காக இறங்கினார். ஓரிரு நிமிடங்களில், க்ரூஸ் அடித்த பந்து எதிராளி மேல் பட்டு உயரே எழும்ப, கோல்கீப்பர் வெளியே வந்து நிற்க, கோணமே இல்லாத இடத்திலிருந்து காற்றிலேயே உதைத்துக் கோலாக்கினார். அந்த ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். 2017 மே மாதம் செவில்லாவுக்கு எதிராக இன்னொன்று: எதிரணி சுவர் அமைத்துக்கொண்டிருந்தபோதே ஃப்ரீகிக்கைத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டார். செவில்லாக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் பட்டம் கையில் வந்துகொண்டிருந்த வாரம் அது. கண் தூங்கிய ஆள் இதைச் செய்ய முடியாது.

இனி இடம் மாறி ஆடுவது பற்றி. தொலைக்காட்சியில் பார்க்கும்போது சென்டர் பேக்கும் ரைட் பேக்கும் பக்கத்துப் பக்கத்து வேலை போலத் தெரியும். ஆடுபவனுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். நடுவில் நிற்பவனுக்கு ஆட்டம் முழுவதும் முன்னால் விரிந்திருக்கும். ஆபத்து இரண்டு தோள்களுக்கும் பின்னாலிருந்து வரும். ஓரத்தில் நிற்பவனுக்குப் பாதிக் களம்தான் கண்ணில் படும், ஆனால் எல்லைக்கோடு அவனுக்குத் துணை. எதிராளியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். சென்டர் பேக் ஓடுவது குறைவு, ஒவ்வோர் அடியும் கணக்கு. ஓரக்காரன் அறுபது மீட்டர் மேலே போய்த் திரும்பி வர வேண்டும். இதில் வலதுகால் ஆட்டக்காரன் இடது ஓரத்துக்குப் போனால், பந்தின் முதல் தொடுதலே உள்பக்கமாக, அதாவது எதிரணி கூட்டமாக நிற்கும் பக்கமாகத் திரும்பும். நாச்சோ வலதுகால்காரர். மெஸ்தாயா மைதானத்தில் வலென்சியாவுக்கு எதிரான அறிமுக ஆட்டத்தில் அப்போதைய பயிற்சியாளர் மொரின்யோ அவரை இறக்கியதே இடது ஓரத்தில்தான். 6-3 என்று வென்ற ஆட்டம் அது.

அந்தப் பன்முகத்தன்மையின் விலையையும் பரிசையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 2018 உலகக் கோப்பையில் சோச்சியில் நடந்த ஸ்பெயின், போர்ச்சுகல் ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு, கீவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் வழக்கமான ரைட் பேக் கர்வஹால் காயமடைந்து வெளியேற, நாச்சோ ரைட் பேக்காக இறங்கி ரியல் மாட்ரிட் 3-1 என்று லிவர்பூலை வெல்லும்வரை நின்றார். கர்வஹாலின் அதே காயம் உலகக் கோப்பையிலும் அவருக்கு இடம் வாங்கிக்கொடுத்தது. ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடத்துக்குள், தன் கிளப் தோழர் ரொனால்டோவைப் பெனால்டி பெட்டிக்குள் தடுக்கி பெனால்டி கொடுத்துவிட்டார். ஓரத்தில் எப்போதும் ஆடுபவர் அந்தக் காலை நீட்டியிருக்கமாட்டார் என்பது என் கருத்து. நடுவில் பழகியவரின் கால் அது. இரண்டாம் பாதியில் பெட்டிக்கு வெளியே துள்ளிவந்த பந்தை ஒரே உதையாக உதைத்தார். ஒரு கம்பத்தில் பட்டு, மறுகம்பத்திலும் பட்டு உள்ளே போனது. ஸ்பெயின் 3-2. கடைசியில் ரொனால்டோவின் ஃப்ரீகிக் ஆட்டத்தை 3-3 ஆக்கியது தனிக்கதை. அடுத்த ஆட்டத்துக்குக் கர்வஹால் குணமாகிவிட்டார். நாச்சோ பெஞ்சுக்குத் திரும்பினார். உலகக் கோப்பையில் அப்படியொரு கோல் அடித்தவர் அடுத்த ஆட்டத்தில் இல்லை. இந்த வேலையின் இயல்பே அப்படித்தான்.

இதைவிட உறுத்துவது 2021. பின்களத்தின் நடுவில் வழக்கமாக ஆடும் ராமோஸுக்குக் கெண்டைக்கால் காயம், லிவர்பூலுடனான காலிறுதி முதல் ஆட்டத்தன்று அவருடைய இணை வரானுக்குக் கோவிட். நாச்சோவும் மிலித்தாவோவும் நடுவில் நின்றார்கள். 3-1, பிறகு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 0-0. இடையில் பார்சிலோனாவையும் 2-1 என்று வென்றார்கள். எனக்குத் தெரிந்து அவருடைய மிகச் சிறந்த வாரங்கள் அவை. அந்தக் கோடையில் ராமோஸ் விலகினார், வரான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். பின்களத்தின் நடுவில் இரண்டு இடங்களும் காலி. இதற்குமேல் ஒருவருக்கு என்ன வாய்ப்பு வேண்டும்? ஆனால் பயர்னிலிருந்து அலாபா வந்தார். அவரும் மிலித்தாவோவும் இணையாக, நாச்சோ பழைய இருக்கைக்குப் போனார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் சிட்டியுடனான அரையிறுதியில் அலாபா காயமடைந்தபோது முதல் ஆட்டத்தின் இடைவேளைக்குப் பின் வந்தவர் நாச்சோ. ரொட்ரிகோ இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்துத் தலைகீழாக்கிய அந்த மறு ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து ஆடியவரும் அவர்தான். பாரிஸ் இறுதிப் போட்டிக்கு அலாபா தேறிவிட்டார். நாச்சோ உட்கார்ந்திருந்தார்.

ஏன் அப்படி? இங்கிருந்து நான் சொல்வது ஊகம் கலந்தது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உயரம் சுமார் 1.80 மீட்டர், வரான், ரூடிகர் போன்றவர்கள் 1.90-ஐத் தொடுபவர்கள். நடுவில் நிற்பவருக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் ஒரு பருவம் முழுக்கக் கணக்கில் வரும். ஓரத்தில் கர்வஹாலைப் போலவோ மார்செலோவைப் போலவோ தாக்குதலைத் தொடங்கிவைப்பவர் அல்ல. எந்த ஓர் இடத்திலும் அவர் உலகின் முதல் ஐவரில் ஒருவர் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று இடங்களிலும் முதல் முப்பதுக்குள் வருவார் என்று நான் வாதாடுவேன், அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. ரியல் மாட்ரிட் ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஐவரில் ஒருவரை வாங்கக்கூடிய கிளப். அங்கே மட்டும்தான் நாச்சோ இரண்டாவது தேர்வு. இதோடு, எங்கும் பொருந்துகிறவனுக்கென்றே ஒரு கண்ணியும் உண்டு. பயிற்சியாளர் அணியை எழுதும்போது, ஓரிடத்தில் மட்டும் ஆடத் தெரிந்தவனை முதலில் எழுதிவிடுவார். அவனை வேறெங்கும் வைக்க முடியாதே! எங்கும் ஆடக்கூடியவனைக் கடைசியில் மிச்சமிருக்கும் கட்டத்தில் எழுதுவார். மிச்சம் இல்லையென்றால் பெஞ்ச். நானும் இப்படித்தான் அணி எழுதுகிறேன். நியாயம் இல்லை என்று தெரியும்.

கிளப்புக்கு அவரால் என்ன லாபம் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் பதிவுசெய்யும் முதன்மைப் பட்டியலில் அதிகபட்சம் 25 பேர். அதில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த எட்டிலும் நான்கு, 15 முதல் 21 வயதுக்குள் குறைந்தது மூன்று பருவம் அதே கிளப்பில் வளர்ந்தவர்களுக்கானவை. தகுதியான ஆள் இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். நாச்சோ கடைசி வகையைச் சேர்ந்தவர். ஓர் ஆள் மூன்று இடங்களுக்கு மாற்றாக இருப்பதால், மிச்சமாகும் இடங்களில் இன்னொரு நடுக்கள வீரரையோ முன்களக்காரரையோ வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரங்களின் பட்டியலை நீட்டுவதற்கு நாச்சோ போன்றவர்கள் அடியில் இருந்தாக வேண்டும்.

வேறு கிளப்புக்குப் போயிருந்தால்? இதற்கு யாரும் உறுதியான பதில் சொல்ல முடியாது; போய்ப் பார்த்தவர்களை மட்டும் பார்க்கலாம். மான்செஸ்டர் யுனைடெட்டில் இதே வேலையைச் செய்தவர்கள் இருவர். ஃபில் நெவில் 2005-இல் எவர்ட்டனுக்குப் போனார், அங்கே அணித்தலைவராகி முந்நூறு ஆட்டங்களைக் கடந்தார். ஜான் ஓ’ஷே 2011 வரை இருந்து, முப்பது வயதில் சண்டர்லேண்டுக்குப் போனார். யுனைடெட்டில் இருந்தபோது பின்களம், நடுக்களம் எல்லாம் ஆடியது போதாதென்று, 2007 பிப்ரவரியில் டாட்டன்ஹாம் மைதானத்தில் கோல்கீப்பர் வான் டெர் சாருக்கு மூக்கு உடைந்து, மாற்று வீரர்களும் தீர்ந்துபோயிருக்க, கையுறை மாட்டிக்கொண்டு கோலிலும் நின்றார். அயர்லாந்து அணித் தோழர் ராபி கீன் தனியாக வந்தபோது தடுத்தும் விட்டார். அடுத்த மாதமே ஆன்ஃபீல்டில், தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் வெற்றிக் கோல் அடித்தார். சண்டர்லேண்டில் அவரும் அணித்தலைவரானார். ஆனால் 2017, 2018 என அடுத்தடுத்து இரண்டு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அணியின் தலைவர். போனவர்களுக்கு நிலையான இடமும் பொறுப்பும் கிடைத்தன, கோப்பைகள் நின்றுபோயின. நாச்சோவும் போயிருந்தால் ஏறத்தாழ இப்படித்தான் அமைந்திருக்கும் என்று நினைக்கிறேன்: ஸ்பெயினில் முதல் ஆறு இடத்துக்குள் முடியும் ஓர் அணியில் நானூறு ஆட்டம், தேசிய அணியில் இன்னும் சில ஆட்டங்கள், கையில் ஒன்றிரண்டு கோப்பை. ரியல் மாட்ரிட்டில் அவர் வென்றவை 26. இரண்டில் எது மேல் என்பதை அவரவர் குணம்தான் முடிவு செய்யும். நான் என்றால் போயிருப்பேன்.

அவர் இருந்தார், கடைசிப் பருவம் அவருக்குக் கனிந்தது. அதைத் தேவதைக் கதையாக்கிவிட வேண்டாம். 2023 ஆகஸ்டில் மிலித்தாவோவுக்கும் டிசம்பரில் அலாபாவுக்கும் முழங்கால் தசைநார் அறுந்ததால்தான் கதவு திறந்தது. இடையில் ஜிரோனாவுக்கு எதிராக, 3-0 என்று வென்றுகொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில், மோசமாகக் காலை வைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். அணித்தலைவர் செய்யக்கூடாத காரியம். வசந்த காலத்தில் சிட்டியுடனான காலிறுதி முதல் ஆட்டத்துக்குக்கூடப் பயிற்சியாளர் அன்செலோத்தி நடுக்கள வீரர் சுவாமெனியைத்தான் பின்னால் இழுத்து வைத்தார். சுவாமெனிக்கு முதல் நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை, மறு ஆட்டத்துக்குத் தடை. அந்த இடத்தில் நாச்சோ வந்தார். 120 நிமிடம் நின்றார், பெனால்டி முறையில் தன் பங்கை உள்ளே அடித்தார். அதற்குப் பின் அவரை எடுக்க முடியவில்லை. பயர்னுடனான இரண்டு அரையிறுதிகள், ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் டார்ட்முண்டுக்கு எதிரான 2-0 எல்லாவற்றிலும் தொடக்கத்திலிருந்தே ஆடினார். மிலித்தாவோ தேறி வந்து பெஞ்சில் இருந்தார். ஒரு மாதம் கழிந்து, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டி நடந்துகொண்டிருந்தபோதே கிளப்பிலிருந்து விலகுவதாக அறிவித்து, சவூதியின் அல் காதிசியாவுக்குப் போனார். யூரோ இறுதிப் போட்டியிலும் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நாச்சோவுக்கு இருந்த ஒரு வசதி அவனுக்கு இல்லை: பக்கத்து இடங்களை முழுநேரமாகச் சொல்லிக்கொடுக்க ஆள். கல்லூரி அணிகளில் பெரும்பாலும் பையனை ஆட்டத்தன்றுதான் இடம் மாற்றுவார்கள், பயிற்சியில் அல்ல. கெடுதல் அங்கேதான். ஆகவே அவன் மறுக்க வேண்டாம், நிபந்தனை கேட்கட்டும். எது தனக்கு முதல் இடம் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேட்கட்டும்; ‘எல்லாம்தான்’ என்று பதில் வந்தால், இரண்டோடு நிறுத்தச் சொல்லிப் பணிவாகக் கேட்கட்டும். சென்டர் பேக்கும் ரைட் பேக்கும் என்றால் ஒன்றுக்கொன்று உதவும். ஸ்ட்ரைக்கரும் லெஃப்ட் பேக்கும் என்றால் பயிற்சியாளர் வெறுமனே ஆள் தேடுகிறார் என்று பொருள். இரண்டாவது இடத்தில் வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சி ஆட்டம் ஆட வேண்டும். பெஞ்சில் உட்காரும் வாரங்களில் மாவட்ட லீக்கிலோ, நிறுவன அணிகளுக்கிடையிலான போட்டியிலோ எங்காவது ஒரு முழு ஆட்டம் ஆடிவிடட்டும். இருபது வயதுக்குள் ஆட்டநேரம் இல்லாமல் இரண்டு பருவங்கள் போனால் பிறகு மீட்பது கடினம். அந்த நிலை வந்தால் அணி மாறுவதுதான் சரி. அவன் எந்த மூன்று இடங்களில் ஆடுகிறான், எந்தக் கால் பலம், உயரம் என்ன என்று எழுதுங்கள், இதைவிடக் குறிப்பாகச் சொல்கிறேன்.